பன்னிரண்டு வருஷ அவசரம்

அவசரம் என்றால் எவ்வளவு நேரம் இருக்கும்? வெள்ளம் வடிகிற வரைக்கும் இருக்கும். தீ அணைகிற வரைக்கும் இருக்கும். மலாயாவில் அது 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை 31இல்தான் முடிந்தது. பன்னிரண்டு வருஷ அவசரம். அதற்குள் ஏறக்குறைய 6,700 கெரில்லாக்கள் கொல்லப்பட்டார்கள். போலீஸ், ராணுவம் இரண்டிலும் சேர்த்து 1,800 பேருக்கு மேல் செத்தார்கள். பொதுமக்களில் 2,400 பேருக்கு மேல். காட்டின் மேல் விமானங்கள் குண்டு போட்டன. சுமார் 5 லட்சம் பேர் இருந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் வைக்கப்பட்டார்கள். இத்தனைக்கும் அரசாங்கக் கணக்கில் இது போர் கிடையாது. ஆங்கிலத்தில் எமர்ஜென்சி, மலாயில் டாருராட், நமக்கு அவசரகாலம்.

2003இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்குக்குள் நுழைந்தபோது அந்தப் போர் சட்டப்படி சரியா என்று உலகமே வாதாடியது. ஐநா பாதுகாப்பு மன்றத்தின் 1441ஆம் தீர்மானத்தை வரிவரியாகப் பிரித்துப் படித்தார்கள். அடுத்த வருஷம் ஐநா பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் அந்தப் போர் சட்டவிரோதமானது என்று வெளிப்படையாகவே சொன்னார். அதனால் போர் நின்றுவிடவில்லை. ஆனாலும் கேள்வி கேட்கப்பட்டது, பதிவானது. நம் மண்ணில் நடந்த போரைப் பற்றிப் பாதுகாப்பு மன்றம் அப்படி உட்கார்ந்து விவாதித்ததில்லை. அதற்கு ஒரு காரணம், வைத்த பெயர். போர் என்று ஒன்று நடந்தால்தானே அது சட்டப்படி சரியா என்று கேட்க முடியும்?

பெயர் ஒரு பக்கம். அந்தப் பெயருக்குக் கீழே சட்டங்கள் எந்த வரிசையில் வந்தன என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. கம்யூனிஸ்ட்டுகள் தேசபக்தர்களா பயங்கரவாதிகளா என்ற பட்டிமன்றத்திலேயே நம் நேரம் போய்விடுகிறது.

பெயர் வந்த கதை

1948 ஜூன் 16 காலை, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட். எல்ஃபில் தோட்டத்தின் மேனேஜர் ஆர்தர் வாக்கர் அவருடைய ஆபீசில் சுடப்பட்டார். கொஞ்ச நேரத்தில், சில மைல் தள்ளி இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இரண்டு ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள். உயர் ஆணையர் எட்வர்ட் ஜென்ட் முதலில் பேராக், ஜொகூரின் சில பகுதிகளில் அவசரகாலத்தை அறிவித்தார். ஜூன் 18இல் அது கூட்டரசு முழுவதற்கும் விரிந்தது. ஜூன் 24இல் சிங்கப்பூர். ஜூலை 23இல் மலாயா கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது.

பாடநூல் கதையை இங்கிருந்துதான் தொடங்கும். நான்கு நாள் பின்னால் போனால் இன்னொரு தேதி இருக்கிறது. ஜூன் 12இல் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு சங்கத்தில் பொறுப்பு வகிக்க வேண்டுமானால் அந்தத் தொழிலில் மூன்று வருஷ அனுபவம் வேண்டும். பல தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒரே சம்மேளனமாகக் கூட முடியாது. அன்றைக்கு நாட்டிலேயே பெரிய தொழிலாளர் அமைப்பாக இருந்த அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் இந்த இரண்டு விதிகளில் சட்டவிரோதமாகிப் போனது. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி, தமிழர். ஆக, தோட்டங்களில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே வேலைநிறுத்தத்தின் வாசல் மூடப்பட்டிருந்தது.

போர் என்று ஏன் சொல்லவில்லை? பலரும் சொல்கிற காரணம் இன்சூரன்ஸ். தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் லண்டன் கம்பெனிகளில் காப்புறுதி செய்யப்பட்டிருந்தன. கலவரம், உள்நாட்டுக் குழப்பம் என்றால் நஷ்ட ஈடு உண்டு. போர், உள்நாட்டுப் போர் என்றால் கிடையாது. எரிந்த புகைக்கூடத்துக்கும் வெட்டிச் சாய்க்கப்பட்ட ரப்பர் மரத்துக்கும் பணம் வர வேண்டுமானால் நடப்பது போராக இருக்கக் கூடாது.

நான் கட்டுமானத் துறையில் வேலை செய்கிறவன். இந்தக் காரணத்தை முதலில் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் எதுவும் வரவில்லை. ஃபிடிக் ஒப்பந்தப் படிவங்களில் யார் கையிலும் இல்லாத இடர்களைப் பட்டியலிடும் ஒரு பிரிவு உண்டு. அதில் போர் என்று எழுதிவிட்டு, அறிவிக்கப்பட்டாலும் அறிவிக்கப்படாவிட்டாலும் என்று சேர்த்திருப்பார்கள். அந்த வாலை யாரோ காரணமில்லாமல் ஒட்டவில்லை. பெயரை மாற்றி வைத்துத் தப்பித்துக்கொள்வார்கள் என்று தெரிந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க முடியும்.

ஆனால் இன்சூரன்ஸ் ஒன்றே காரணம் என்று நிறுத்திக்கொண்டால் கதை ரொம்பச் சின்னதாகிவிடும். போர் என்று சொன்னால் எதிரி ஒருவன் இருக்கிறான், அவனுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகும். அரசாங்கம் அதற்குத் தயாராக இல்லை. கெரில்லாக்களை முதலில் 'பேண்டிட்' என்றார்கள், கொள்ளைக்காரன் என்ற பொருளில். 1952இல் அதை மாற்றி 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி' என்று ஆக்கினார்கள். அதன் சுருக்கம் 'சி.டி.' கொள்ளைக்காரனோடு யாரும் பேச்சுவார்த்தை நடத்துவதில்லை. அவனைப் பிடிப்பது போலீஸ் வேலை, அதற்கு ராணுவம் கைகொடுக்கிறது. சட்டப்படி அவ்வளவுதான்.

நியாயம் யார் பக்கம்

சட்டத்துக்குள் போவதற்கு முன் நியாயத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். இரண்டு பக்கமும் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது.

பிரிட்டிஷார் பக்கத்தில்: ஆயுதம் ஏந்திய ஒரு கட்சி, தேர்தலில் நிற்காத ஒரு கட்சி, ஆட்களைக் கொல்கிறது. மேனேஜர்களை மட்டும் அல்ல. சந்தா கொடுக்க மறுத்தவர்கள், போலீசுக்குத் தகவல் சொன்னதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள், வேலைக்குப் போன கூலிகள் என்று எல்லாரையும். கொல்லப்பட்ட பொதுமக்களில் பெரும்பாலோர் சீனர்கள். இந்தியத் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. பஸ்ஸை எரித்தார்கள். பால்மரங்களை வெட்டினார்கள், அந்த மரத்தை நம்பி இருந்தது லண்டன் பங்குதாரர் மட்டும் இல்லை, நம் ஆட்களின் அன்றாடக் கூலியும்தான். எந்த அரசாங்கமும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது.

காட்டுக்குள் இருந்தவர்கள் பக்கத்தில்: ஜப்பானியர் காலத்தில் ஆயுதம் தூக்கி எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது பிரிட்டனின் 136ஆம் படைப்பிரிவு. சின் பெங்குக்கு ஓபிஇ விருதே அறிவித்துப் பிறகு பறித்தார்கள். போர் முடிந்து மூன்று வருஷத்தில் தொழிற்சங்கம் பறிபோகிறது. மலாயா அப்போது ஒரு காலனி நாடு. ரப்பரும் ஈயமும் விற்று ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கே அதிக டாலர் சம்பாதித்துக் கொடுத்த நாடு. தேர்தலே இல்லாத நாட்டில் தேர்தலில் நிற்கவில்லை என்று குற்றம் சொல்வது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்கலாம். சுங்கை சிப்புட் கொலைகள் கட்சியின் மையத்திலிருந்து வந்த உத்தரவு அல்ல என்று சின் பெங் பின்னாளில் தன் நினைவுநூலில் சொன்னார். கட்சி தடை செய்யப்பட்டதே ஐந்து வாரம் கழித்துத்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

என் கருத்து: 1948இல் காலனியை எதிர்த்து நிற்க நியாயம் இருந்தது, கூலிக்காரரைச் சுட நியாயம் இல்லை. 1955 டிசம்பரில் பாலிங்கில் துங்குவும் டேவிட் மார்ஷலும் டான் செங் லாக்கும் சின் பெங்கோடு உட்கார்ந்து பேசினார்கள். கட்சிக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டார் சின் பெங். துங்கு மறுத்தார். 1957இல் சுதந்திரம் வந்த பிறகு காலனி எதிர்ப்பு என்ற அடிப்படை கட்சிக்கு மிஞ்சவில்லை. அதே நேரம், சுதந்திரத்துக்குப் பிறகும் மூன்று வருஷம் அவசரம் தொடர்ந்தது.

போரும் இல்லை, அமைதியும் இல்லை

சட்டத்துக்கு வருவோம். போர் நடந்தால் போர்ச் சட்டம் உண்டு. பிடிபட்டவனை என்ன செய்யலாம், ஊர்மக்களை என்ன செய்யக் கூடாது என்று அது சொல்லும். போர் இல்லையென்றால் சாதாரணக் குற்றவியல் சட்டம். கைது செய்தால் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், நிராயுதபாணியைச் சுட்டால் அது கொலை. ஒரு நாட்டில் இந்த இரண்டில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

மலாயாவில் முதலாவது இல்லை, ஏனென்றால் அது போர் அல்ல. இரண்டாவதும் முழுசாக இல்லை, ஏனென்றால் அது அவசரம். நடுவில் அவசரகால ஒழுங்குமுறைகள் வந்து உட்கார்ந்தன. 17ஆம் ஒழுங்குமுறை விசாரணை இல்லாமல் அடைத்து வைக்க அனுமதித்தது. பன்னிரண்டு வருஷத்தில் 30,000 பேருக்கு மேல் இப்படி அடைக்கப்பட்டார்கள். 1949 ஜனவரியில் வந்த 17டி ஒரு ஊரையே மொத்தமாகக் கைது செய்ய வழிசெய்தது. ஆயிரக்கணக்கானோர் சீனாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். தொழிற்சங்கவாதிகள் சிலர் இந்தியாவுக்கும். 4ஆம் ஒழுங்குமுறையின்படி அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. பின்னால் உணவுக் கட்டுப்பாடு வந்தபோது, விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர் கட்டுச்சோறு எடுத்துப் போகக் கூடாது என்கிற அளவுக்குப் போனது. கேட்டில் உடம்பைத் தடவிச் சோதித்து அனுப்பினார்கள்.

சர்வதேசச் சட்டம் எங்கே இருந்தது? உள்நாட்டு மோதலிலும் சரணடைந்தவரைக் கொல்லக் கூடாது, ஒழுங்கான விசாரணை இல்லாமல் தண்டிக்கக் கூடாது என்று 1949 ஆகஸ்டில் வந்த ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3ஆம் பிரிவு சொன்னது. பிரிட்டன் அந்த வருஷம் டிசம்பரில் கையெழுத்து போட்டது. அதை உறுதிப்படுத்தியது எப்போது தெரியுமா? 1957 செப்டம்பர் 23. மலாயா சுதந்திரம் அடைந்து 23 நாள் கழித்து. மலாயா அந்த உடன்படிக்கைகளில் சேர்ந்தது 1962 ஆகஸ்டில். அதற்குள் அவசரகாலம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதில் சதி எதுவும் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தாமதத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருஷம் முழுவதும் அந்தப் பாதுகாப்பு இந்த மண்ணில் யாரையும் முறைப்படி கட்டுப்படுத்தவில்லை.

கணபதியும் சாம்பசிவமும்

இந்த ஒழுங்குமுறைகள் என்ன செய்தன என்று பார்க்க இரண்டு தமிழர்களின் வழக்கு போதும்.

கணபதியை நமக்குத் தெரியும். மலாயா கணபதி என்று தமிழ்நாட்டிலும் தெரியும். சம்மேளனம் தடைபட்ட பிறகு தலைமறைவானவர் 1949 மார்ச் தொடக்கத்தில் ரவாங் பக்கத்தில் பிடிபட்டார். குற்றச்சாட்டு: கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தது. யாரையும் சுட்டதாக அல்ல. அதே மாதத்தில் மரண தண்டனை. நேருவின் அரசாங்கம் லண்டனில் முயன்றது, பலிக்கவில்லை. மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்டதிலிருந்து கயிறு வரை இரண்டே மாதம். அவருக்குப் பின் சம்மேளனத்தின் பொறுப்புக்கு வந்த வீரசேனன் தூக்குக்கு முந்தைய நாள் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அரசாங்கத்தின் வாதம் நேரானது: சட்டம் இருந்தது, அவர் அதை மீறினார். உண்மைதான். ஆனால் எந்தச் சட்டம்? போர் என்று ஒப்புக்கொண்டிருந்தால் துப்பாக்கி வைத்திருந்த எதிரியைப் பிடித்து வைக்கலாமா தூக்கிலிடலாமா என்ற கேள்வியாவது எழுந்திருக்கும். உள்நாட்டுக் கிளர்ச்சிக்காரனுக்குப் போர்க்கைதி அந்தஸ்து தானாகக் கிடைத்துவிடாது, அதுவும் எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் அந்த வாதத்தை வைக்க ஒரு வக்கீலுக்கு இடம் இருந்திருக்கும். போர் இல்லை என்ற ஒரே பதிலில் அது அடைபட்டது. இன்னொரு பக்கம், அமைதிக்காலச் சட்டம் இருந்திருந்தால் துப்பாக்கி வைத்திருந்ததற்குத் தூக்கு கிடையாது. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் சாத்தப்பட்ட இடத்தில் அவர் நின்றார்.

சாம்பசிவத்தை அவ்வளவாக யாருக்கும் தெரியாது, சட்டம் படிக்கிறவர்களைத் தவிர. 1948 செப்டம்பரில் பிடிபட்ட இளைஞர். துப்பாக்கி ஒரு குற்றச்சாட்டு, தோட்டாக்கள் இன்னொன்று. தோட்டாக் குற்றச்சாட்டில் முதல் விசாரணையில் விடுதலை ஆனார். துப்பாக்கிக்கு மட்டும் மறுவிசாரணை நடந்தது. அந்த இரண்டாவது விசாரணையில், துப்பாக்கியும் தோட்டாவும் இரண்டுமே தன்னிடம் இருந்ததாக அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தை அரசுத் தரப்பு முன்வைத்தது. தோட்டா விஷயத்தில் அவர் ஏற்கெனவே விடுதலை ஆனவர் என்பது அங்கிருந்த அசெசர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. தூக்குத் தண்டனை விழுந்தது. வழக்கு லண்டன் பிரைவி கவுன்சில் வரைக்கும் போனது. 1950இல் அவர்கள் தண்டனையை ரத்து செய்தார்கள். விடுதலைத் தீர்ப்பு என்பது மறுபடி தண்டிக்க முடியாது என்பதோடு நின்றுவிடுவதில்லை. பின்னால் நடக்கும் எந்த விசாரணையிலும் அதை முடிவான உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். உலகத்தின் பல கோர்ட்டுகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. காமன்வெல்த் சட்டப் புத்தகங்களில் ஒரு மலாயாத் தமிழனின் பெயர் இப்படித்தான் நிற்கிறது.

சட்டம் என்பதே சும்மா ஒரு நாடகம், ஆளுகிறவன் வைத்ததுதான் சட்டம் என்று அலட்சியமாகச் சொல்லிவிட எனக்கு மனசு வராததற்கு சாம்பசிவம்தான் காரணம். அதே ஒழுங்குமுறை, அதே தூக்குக் கயிறு. ஒருவர் தப்பினார். சண்டைக்கு வெளியே இருந்த ஒரு மன்றம் பழைய விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வழக்கைப் பார்த்தது, அதற்கு நேரமும் இருந்தது.

பத்தாங் காலி

நேரம் கிடைக்காதவர்கள் 24 பேர்.

1948 டிசம்பர் 11ஆம் தேதி ஸ்காட்ஸ் கார்ட்ஸ் இரண்டாம் பட்டாளத்தின் ஒரு பிளாட்டூன் சிலாங்கூரில் பத்தாங் காலி அருகே சுங்கை ரெமோக் தோட்டத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள், அவர்கள் குடும்பங்கள். ஆண்களைத் தனியாகப் பிரித்தார்கள். அன்று ஒருவர், மறுநாள் காலை 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யாரிடமும் ஆயுதம் இல்லை. குடியிருப்பு எரிக்கப்பட்டது. பேண்டிட்டுகள் தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டார்கள் என்று செய்தி வந்தது.

இந்த இடத்தில்தான் அந்தப் பெயர் அரசாங்கத்தின் காலையே சுற்றியது. போர் இல்லை என்றால் அங்கே இருந்தது சாதாரணச் சட்டம். ராணுவ வீரன் போலீஸுக்கு உதவ வந்தவன், அவ்வளவுதான். சாதாரணச் சட்டத்தில், ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டால் அதற்குப் பெயர் கொலை. ஓடினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், ஓடுகிறவனைக் கொல்லும் அதிகாரத்துக்கு வரம்பு இருந்தது.

1949 ஜனவரி 20இல் 27ஏ என்ற புதிய ஒழுங்குமுறை வந்தது. தப்பி ஓடுவதைத் தடுக்க உயிரைப் பறிக்கக்கூடிய ஆயுதங்களைப் பயன்படுத்தலாம் என்றது. அத்தோடு நிற்கவில்லை. இந்த ஒழுங்குமுறை வருவதற்கு முன்னால் செய்யப்பட்ட காரியங்களும், இது அப்போதே இருந்திருந்தால் சட்டப்படி செல்லுபடியாகியிருக்கும் என்றால், செல்லுபடியானவையே என்றது. 24 பேர் செத்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

எங்கள் தொழிலில் இரண்டு வகை வரைபடம் உண்டு. ஒன்று கட்டுவதற்கு முன்னால் போடுவது. இப்படித்தான் கட்ட வேண்டும் என்று அது கட்டளை இடும், மீறினால் இடிக்கச் சொல்லலாம். இன்னொன்று வேலை முடிந்த பிறகு, கட்டியது எப்படி இருக்கிறதோ அப்படியே வரைவது. 'அஸ் பில்ட்' என்போம். கட்டடம் அதற்கு எப்போதும் பொருந்தும், ஏனென்றால் கட்டடத்தைப் பார்த்துத்தான் அதை வரைந்தார்கள். அந்த இரண்டாவது வரைபடத்தைக் காட்டி, பாருங்கள், விதிப்படி கட்டியிருக்கிறோம் என்று யாராவது சொன்னால் சைட்டில் சிரிப்பார்கள். 27ஏ அந்த இரண்டாவது வகை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1970 பிப்ரவரியில் அந்தப் படையிலிருந்த சில முன்னாள் வீரர்கள் சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்த வாக்குமூலங்களை 'தி பீப்பிள்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகை வெளியிட்டது. போலீஸ் விசாரணை தொடங்கியது. ஜூனில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது, விசாரணை நின்றது. 1992இல் பிபிசி ஒரு ஆவணப்படம் எடுத்தது. அடுத்த வருஷம் மலேசியப் போலீஸ் தொடங்கிய விசாரணையும் 1997இல் மூடப்பட்டது. கடைசியில் குடும்பங்கள் லண்டன் கோர்ட்டுக்குப் போய் ஒரு பொது விசாரணை கேட்டன. 2015 நவம்பர் 25இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்று மறுத்தது. கொலைகள் சட்டவிரோதமாக நடந்திருக்கலாம் என்று காட்டும் சான்றுகள் இருக்கின்றன என்பதை நீதிபதிகள் மறைக்கவில்லை. ஆனால் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மீது தனி ஒருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை வந்தது 1966இல். கொலை நடந்தது 1948இல். இடைவெளி ரொம்ப அதிகம். விசாரணை வேண்டாம் என்று அமைச்சர்கள் எடுத்த முடிவிலும் தலையிட முடியாது என்றார்கள். நீதிபதி ஹேல் அம்மையார் மட்டும் அந்த மறுப்பு நியாயமற்றது என்று தனித் தீர்ப்பு எழுதினார். 2018இல் ஸ்ட்ராஸ்பர்க்கிலும் கதவு மூடப்பட்டது.

தேதிகளைக் கவனியுங்கள். கொன்றவர்களைக் காக்க ஒரு சட்டம் ஆறு வாரம் பின்னோக்கி நடந்தது. செத்தவர்களுக்காக 18 வருஷம் பின்னோக்கி நடக்க இன்னொரு சட்டத்தால் முடியவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம்

இது எல்லா இடத்திலும் இப்படித்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கத்திலும் அதே வருஷங்களில் டச்சுக்காரர்கள் பெயர் விளையாட்டு விளையாடினார்கள். 1947 ஜூலையிலும் 1948 டிசம்பரிலும் இந்தோனேசியக் குடியரசின் மீது பெரிய ராணுவத் தாக்குதல் நடத்திவிட்டு அதற்குப் 'போலீஸ் நடவடிக்கை' என்று பேர் வைத்தார்கள். ஆனால் இந்தோனேசியா சுதந்திரத்தை அறிவித்து ஒரு அரசாங்கத்தையும் வைத்திருந்தது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் விஷயத்தைப் பாதுகாப்பு மன்றத்துக்குக் கொண்டுபோயின. மன்றம் சண்டையை நிறுத்தச் சொன்னது. பெயர் அங்கே எடுபடவில்லை.

1947 டிசம்பர் 9இல் மேற்கு ஜாவாவின் ராவாகெடே கிராமத்தில் டச்சு ராணுவம் ஆண்களை வரிசையில் நிறுத்திச் சுட்டது. பத்தாங் காலிக்கு ஒரு வருஷம் முன்னால், கிட்டத்தட்ட அதே மாதிரி. எத்தனை பேர் என்பதில் இரு நாட்டுக் கணக்கும் வேறு வேறு. இந்தோனேசியர்கள் 431 என்கிறார்கள். 2011 செப்டம்பரில் ஹேக் நகர நீதிமன்றத்தில் டச்சு அரசாங்கம் காலம் கடந்துவிட்டது என்று வாதாடியது. இந்த விதவைகளிடம் போய் அந்தக் காரணத்தைச் சொல்வது நியாயமில்லை என்று கோர்ட் மறுத்தது. டிசம்பரில் டச்சுத் தூதர் அந்த ஊருக்கே போய் மன்னிப்புக் கேட்டார். நஷ்ட ஈடும் கொடுக்கப்பட்டது. அதே காலம், அதே வகைக் கொலை, அதே 'காலம் கடந்தது' வாதம். ஒரு நீதிமன்றம் ஏற்றது, இன்னொன்று ஏற்கவில்லை. அதனால் சட்டம் இடம் தரவில்லை என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

மிச்சம்

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. மறுநாள் ஆகஸ்ட் 1இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது ஐஎஸ்ஏ, அமலுக்கு வந்தது. ஒரு ராத்திரிதான் இடைவெளி. விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் அதிகாரம் ஒழுங்குமுறையிலிருந்து சட்டத்துக்கு வீடு மாறியது. 2007 டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரைக் கமுந்திங்கில் அடைத்தது அதே சட்டத்தில்தான். மலேசியாவில் 2012இல் அது போய் சோஸ்மா வந்தது. சிங்கப்பூரில் ஐஎஸ்ஏ இன்னும் இருக்கிறது. நம் எல்லார் பர்சிலும் இருக்கிற ஐ.சி.கூட 1948இல் அவசரகாலப் பதிவாகத் தொடங்கியதுதான்.

2022இல் ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்து அதைச் 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றபோது என் வயசு நண்பர்கள் பலர் கேலி செய்தார்கள். கேலி செய்ய வேண்டியதுதான். போர் என்று சொன்னதற்கே ரஷ்யாவில் ஆட்களைப் பிடித்தார்கள். ஆனால் நாம் படித்த பாடநூலில் அதே மாதிரி ஒரு பெயர் அச்சாகி இருக்கிறது. பரீட்சைக்கு அந்தப் பெயரைத்தான் எழுதினோம், மார்க்கும் வாங்கினோம்.

ஒவ்வொரு மே மாதமும் கணபதி தியாகியா தீவிரவாதியா என்று யாராவது தொடங்குவார்கள். அந்த வாதம் நடக்கட்டும், நானும் கலந்துகொள்வேன். அதோடு கூட இன்னொன்றையும் கேட்டுப் பழக வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு போரையோ ஒரு கைதையோ சட்டப்படி நடந்தது என்று யார் சொன்னாலும் அந்தச் சட்டத்தின் தேதி என்ன என்று கேட்க வேண்டும். காரியத்துக்கு முன்னால் எழுதியதா, பின்னால் எழுதியதா? எழுதியவர் சண்டையில் ஒரு தரப்பா? வெளியே இருந்து ஒருவர் அதைப் படித்துப் பார்க்க நேரம் கொடுத்தார்களா? சாம்பசிவத்துக்கு அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற பதில் கிடைத்தது. பத்தாங் காலிக் குடும்பங்களுக்கு 67 வருஷம் கழித்துக் கிடைத்த பதில் இல்லை என்பது.